தொப்புள்கொடிக்குக் குடியுரிமை கிடையாது

சென்னை மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். தி. நகர் ரங்கநாதன் தெருவில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். அடையாறு அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களை எட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே பாட்டுதான்: “நம்ம ஆளுங்களா இருந்த வரைக்கும் ஊரு நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எவன் எங்கேருந்து வர்றான்னே தெரியல.” மெஸ்ஸில் இலை போடுகிறவர் ஒடிஷாக்காரர், சலூனில் முடி வெட்டுகிறவர் பிகார்க்காரர், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அஸ்ஸாம் அல்லது நேபாளம், மெட்ரோ பள்ளத்துக்குள் இறங்கியிருப்பவர்கள் ஜார்க்கண்ட். இத்தனை பேர் கலந்தால் ஊர் ஊராக இருக்குமா என்று கேட்பார்கள். பதிலை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது.

அதே வாய்கள் இலங்கைத் தமிழர் என்று வந்துவிட்டால் குழைந்துபோகும். “அவங்க நம்ம ரத்தம் சார். தொப்புள்கொடி உறவு. வந்தாங்க, கலந்துட்டாங்க. ஒரு பிரச்சினையும் இல்லையே.” மேடைகளில் நாற்பது வருடமாக முழங்கிய வசனம் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறை வரை வந்து சேர்ந்துவிட்டது.

ஒன்று வெறுப்பு, மற்றது பாசம் என்று தோன்றும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: இனமும் மொழியும் ஒன்றானால் மனிதர்கள் தாமாகவே ஒட்டிக்கொள்வார்கள், வேறானால் எவ்வளவு முயன்றாலும் ஒட்டமாட்டார்கள். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதை நிரூபிக்க அமெரிக்கா வரை போக வேண்டாம், தி. நகர் வரை போனால் போதும்.

வடக்கு உஸ்மான் சாலையில் ரெப்கோ வங்கியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. மாம்பலத்துக்காரர்கள் பலர் அங்கே வைப்புத்தொகை போட்டிருப்பார்கள், நகைக்கடன் வாங்கியிருப்பார்கள். அந்தப் பெயரின் முழு வடிவம் என்ன என்று கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிவந்த தமிழர்களுக்காக மத்திய அரசு 1969இல் தொடங்கிய வங்கி அது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். தொழில் தொடங்கக் கடன், நூற்பாலைகளில் வேலை, நீலகிரியில் அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் என்று திட்டங்கள் இருந்தன.

அந்த வாழ்க்கை பூப்பாதை என்று சொல்லவரவில்லை. கடன்தொகையில் ஒரு பகுதி தரகர்களின் பைக்குப் போனது. கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கிய குடும்பங்கள் உண்டு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் “சிலோன்காரன்” என்ற ஏச்சு நெடுநாள் ஓயவில்லை. ஆனாலும் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள், சங்கம் வைத்தார்கள், அரசு வேலைக்கு விண்ணப்பித்தார்கள், நிலம் வாங்கினார்கள், விற்றார்கள், வழக்குப் போட்டார்கள். பிள்ளைகள் இந்தியராகப் பிறந்தார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களை அருகில் வைத்துப் பாருங்கள். அதே தீவு, அதே கடல், பேச்சு வழக்கில் கொஞ்சம் வேறுபட்டாலும் அதே தமிழ். இரு பிரிவினரும் சில இடங்களில் ஒரே குடும்பம். மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வவுனியாப் பக்கம் குடியேறி, அங்கிருந்தும் விரட்டப்பட்டுப் படகேறி வந்தவர்கள் முகாம்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அண்ணன் 1982இல் கப்பலில் வந்திருந்தால் இந்தியர். தங்கை 1990இல் வள்ளத்தில் வந்திருந்தால் சட்டவிரோதக் குடியேறி. ரத்தத்தில் என்ன வித்தியாசம்?

வாழ்க்கையில் உள்ள வித்தியாசத்துக்கு அரசே கணக்கு வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் நலத்திட்டங்களை அறிவித்தபோது வெளியான எண்ணிக்கை: 108 முகாம்களில் 58,822 பேர், காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு வெளியே வாழ்பவர்கள் 34,087 பேர். வந்து முப்பது, நாற்பது வருடம் ஆன பிறகும் முகாமில் இத்தனை பேர். 7,469 வீடுகள் இடிந்து விழும் நிலையில் இருக்கின்றன, புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். கட்டியும் வருகிறார்கள், நல்லது. குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அதுவும் நல்லதுதான். மாறாமல் இருப்பது எது என்றால், உதவித்தொகை நாளில் முகாம்வாசி ஆஜராக வேண்டும், வெளியூர் போனால் தகவல் சொல்ல வேண்டும், க்யூ பிரிவு காவல்துறையின் கண் எப்போதும் மேலே இருக்கும். சொந்தப் பெயரில் வீடோ நிலமோ வாங்க இலங்கைக் குடிமகனுக்கு ரிசர்வ் வங்கியின் முன்னனுமதி வேண்டும். அரசு வேலை கிடையாது, ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது.

கும்மிடிப்பூண்டி முகாமும் புழல் முகாமும் சென்னைக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. அங்குள்ள ஆண்களுக்கு என்ன தொழில் என்று கேட்டால் வரும் முதல் பதில் பெயிண்டிங். தமிழ்நாட்டின் எந்த முகாமில் கேட்டாலும் இதே பதில்தான். சாரத்தில் தொங்கியபடி நம் அடுக்ககங்களின் வெளிச்சுவரைத் தேய்த்து, பட்டி பூசி, பிரைமர் அடிக்கிற பையனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் அவர் பி.இ. முடித்தவராக இருக்கக்கூடும். பெயிண்டிங்கை அவர்கள் விரும்பியா தேர்ந்தெடுத்தார்கள்? காண்ட்ராக்டர் சான்றிதழ் கேட்பதில்லை, கூலி அன்றன்றைக்கே கைக்கு வந்துவிடும், பத்து மைலுக்கு அப்பால் வேலை இருந்தாலும் இரவு முகாமுக்குத் திரும்பிவிடலாம். கேம்பஸ் தேர்வில் வேலை கிடைத்தாலும், ஐடி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ‘நாட்டினம்’ என்ற கட்டத்தில் வண்டி நின்றுவிடும்.

கலந்துவிட்டார்கள் என்று நாம் பூரிப்பது இவர்களைப் பற்றித்தான்.

கலந்தால் ஊர் கெடும் என்பவர்கள் ஆதாரம் காட்டும் ஹார்வர்டு பேராசிரியரிடம் வருவோம். ராபர்ட் பட்னம் அமெரிக்காவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் 2000ஆம் ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல இனத்தார் நெருங்கி வாழும் பகுதிகளில் மக்கள் ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவதுபோல் ஒடுங்கிவிடுகிறார்கள், அடுத்த இனத்தாரை மட்டும் அல்ல, சொந்த இனத்தாரையும்கூடக் குறைவாக நம்புகிறார்கள் என்றார். உலகெங்கும் குடியேற்ற எதிர்ப்பாளர்கள் இந்த வரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே கட்டுரையில், காலப்போக்கில் வெற்றிகரமான சமூகங்கள் இந்த ஒடுக்கத்தைக் கடந்து புதிய ‘நாம்’ ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன என்றும் அவர் எழுதியிருந்தார். ஓடியவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

பின்னாளில் மரியா அபாஸ்கல், டெலியா பால்டசாரி என்ற இரு ஆய்வாளர்கள் பட்னத்தின் அதே தரவைத் திரும்பத் தோண்டினார்கள். 2015இல் வந்த அவர்களது முடிவு வேறு கதை சொன்னது. கலப்பு மிகுந்த பகுதிகளில் நம்பிக்கை குறைவாகத் தெரிவதற்குப் பெரும் காரணம், அங்கே ஏற்கெனவே நம்பிக்கை இழந்திருந்தவர்கள் அதிகம் வாழ்வதுதான்: ஏழைகள், கறுப்பர்கள், அடிக்கடி வீடு மாறுபவர்கள். அவர்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு அந்நியனா, வாழ்க்கை கொடுத்த அடியா? ஐந்து வருடம் கழித்து டென்மார்க் ஆய்வாளர்கள் முன்னின்று இத்துறையின் 87 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி அலசினார்கள். கலப்புக்கும் நம்பிக்கைக் குறைவுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அளவில் சிறியது என்பது அவர்கள் கண்டது. நான் அதை மறைக்கவில்லை, மறைக்கத் தேவையும் இல்லை. சிறிய தொடர்பு ஒன்றை விதியாக உயர்த்தி ஒரு நகரத்தின் தலையில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

அதுவும் எந்த நகரத்தின் தலையில்? “நம்ம ஆளுங்களா இருந்த” காலத்து மயிலாப்பூரில் யாரை யார் நம்பினார்களாம்? மாட வீதிகளில் இன்றும் ‘வீடு வாடகைக்கு’ பலகையின் கீழே ‘வெஜிடேரியன் ஒன்லி’ என்று எழுதியிருப்பது எந்த பிகார்க்காரரைத் தடுக்க? அந்தச் சொற்கள் தடுப்பது இதே ஊரில் பிறந்து இதே தமிழ் பேசுகிறவரை. தொலைபேசியில் தமிழ் கேட்டதும் சந்தோஷப்படும் வீட்டுக்காரர், அடுத்த கேள்வியாக “நீங்க என்ன ஆளுங்க” என்பார். இனம் ஒன்றாக இருந்தும் சாதி என்ற வேலியை நாமே போட்டு வைத்துக்கொண்டு, நம்பிக்கை குலைந்ததற்கு நேற்று ரயிலேறி வந்தவர் மேல் பழி போடுவது கொஞ்சம் அதிகப்படி.

ரங்கநாதன் தெருவின் கதையும் அப்படித்தான். அந்தப் பெரிய கடைகளின் முதலாளிகளில் பலர் தூத்துக்குடி, நெல்லைச் சீமைக்காரர்கள். வேலைக்கு வந்த பிள்ளைகளும் அதே சீமை. வடக்கிலிருந்து யாரும் வருவதற்கு முன்பு, முதலாளியும் தொழிலாளியும் தமிழராகவே இருந்த காலத்தில், விற்பனைப் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ அதைத் திரையில் காட்டியது. தமிழ் முதலாளி தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ரத்தபாசம் போடாத நாற்காலியைச் சட்டம் போட்டது.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால் இன்னும் சூடான கதை. இன்றைக்கு வடக்கன் என்றால், அன்றைக்குத் தெலுங்கர். மதராஸ் யாருக்கு என்று 1950களின் தொடக்கத்தில் நடந்த சண்டையில் இரு தரப்பும் இந்த ஊரைத் தன்னுடையது என்றன. ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டது மயிலாப்பூரில், ராயப்பேட்டை நெடுஞ்சாலை வீடொன்றில். நினைவு இல்லமாக அந்த இடம் இப்போதும் இருக்கிறது, பேருந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு கசப்புக்குப் பிறகு தெலுங்கர்கள் இந்த ஊரோடு எப்படி ஒட்டினார்கள்? மொழியை விட்டுவிடவில்லை. எல்லைச் சண்டை அரசியலமைப்பு வழியில் முடிந்தது. இங்கே தங்கியவர் குடிமகனாகத் தங்கினார். வீடு, கடை, பள்ளிக்கூடம், ஓட்டு எல்லாம் அவர் பெயரில் இருந்தன. எழுபது வருடம் கழித்து அவர்கள் அந்நியர் என்று நினைவூட்ட வேண்டுமானால் ஒரு அரசியல்வாதி மெனக்கெட்டு மேடை போட வேண்டியிருக்கிறது.

காகிதம் மனிதர்களை ஒட்டவைக்குமா என்று சிரிக்கிறவர்களுக்காக ஒரு விசித்திரமான நாட்டைக் காட்டுகிறேன். சுவிட்சர்லாந்தில் சில ஊர்களில் ஒரு காலத்தில் குடியுரிமை விண்ணப்பத்தை ஊர்மக்களே ரகசிய வாக்கெடுப்பில் தீர்மானித்தார்கள். ஐம்பது சதவீதத்துக்கு ஒரு பிடி மேலே போனவருக்குக் குடியுரிமை, ஒரு பிடி கீழே நின்றவருக்கு இல்லை. இந்த இரு தரப்பினரும் மற்றபடி ஒரே மாதிரியானவர்கள். ஹைன்முல்லர், ஹங்கார்ட்னர், பியத்ரான்துவோனோ என்ற ஆய்வாளர்கள் பல வருடம் கழித்து இவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். நூலிழையில் வென்றவர்கள் தோற்றவர்களைவிடச் சமூகத்தோடு கூடுதலாக இணைந்திருந்தார்கள், அரசியலிலும் கூடுதலாகப் பங்கெடுத்தார்கள். நன்றாக ஒட்டியவருக்குப் பரிசாகக் குடியுரிமை என்பது நம் எல்லோருடைய நினைப்பு. தரவு அதைத் தலைகீழாகப் புரட்டியது. அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வு, புகலிட விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு கூடுதல் வருடமும் பின்னாளில் வேலை கிடைக்கும் விகிதத்தை 4 முதல் 5 சதவீதப் புள்ளிகள் குறைக்கிறது என்று காட்டியது. அங்கே காத்திருப்பைச் சில வருடங்களில் அளந்தார்கள். மண்டபத்தில் அளக்கத் தலைமுறைக் கணக்கு வேண்டும்.

சுவிட்சர்லாந்தை எடுத்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. 1980களில் அங்கே போய் இறங்கிய யாழ்ப்பாணத்துப் பையன்களை அந்நாட்டுப் பத்திரிகைகள் தோல் ஜாக்கெட் போட்ட போதைப்பொருள் வியாபாரிகள் என்று எழுதின. மொழி, மதம், நிறம், சோறு எதிலும் பொருத்தம் இல்லை. இன்று அந்தச் சமூகத்தை நன்கு இணைந்த குடியேறிகளுக்கு உதாரணமாக அதே நாட்டில் காட்டுகிறார்கள். பெர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறந்த மதங்களின் இல்லத்தில் சைவக் கோயில் இருக்கிறது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் முதலில் பொய் சொன்னார்கள், பொதுமக்கள் கோபப்பட்டார்கள். ஆனாலும் தங்கி வேலை செய்ய அரசு உடனே அனுமதிச் சீட்டு கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவனாகக் கனடா போன கேரி ஆனந்தசங்கரி 2025இல் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். அகதிகளைக் கண்காணிக்கும் துறைக்கு ஒரு அகதிச் சமூகத்துப் பிள்ளை அமைச்சர்!

வசதியும் படிப்பும் உள்ளவர்கள் மேற்கே போனார்கள், வள்ளக்கூலிக்கு மட்டும் வழியிருந்தவர்கள் இங்கே வந்தார்கள், ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ரெப்கோ கதையை முதலில் சொன்னேன். தோட்டக்காட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் மகன்கள் அல்ல. மறுபக்கம், கே.கே. நகரிலும் வளசரவாக்கத்திலும் காசுக்குக் குறைவில்லாமல் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் பதிவைப் புதுப்பிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கத்தான் செய்கின்றன. வசதி வாடகையைக் கட்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காது.

அடுத்த எதிர்வாதம் பாதுகாப்பு. இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1982 மே மாதம் பாண்டி பஜாரில் ஈழ இயக்கத் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டது தி. நகர்க்காரர்களுக்குச் செய்தி அல்ல, நினைவு. 1990 ஜூனில் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் இன்னொரு இயக்கத் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த இயக்கங்களுக்கு இந்த மண்ணில் பயிற்சி கொடுத்தது முகாம்வாசி அல்ல, இந்திய அரசு. 1991க்குப் பிறகு தண்டனை மட்டும் முகாமுக்குப் போனது. அகதி மாணவர்களுக்கு இருந்த கல்லூரி இடங்கள் நின்றன, 1996இல் ஆட்சி மாறிய பிறகே திரும்பின. தொண்டு நிறுவனங்களை முகாமுக்குள் விடவில்லை. அந்தக் கொலை நடந்தபோது பிறக்கவே பிறக்காதவர்கள் இன்று அந்த முகாம்களில் பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர்கள் மீது என்ன வழக்கு?

இன்னொரு வாதம் தமிழ்த் தேசியப் பக்கத்திலிருந்து வருவது: இந்தியக் குடியுரிமை கொடுத்தால் ஈழ மண்ணில் தமிழர் எண்ணிக்கை குறையும், உரிமை கோர ஆள் இருக்காது. திரும்பிப் போவதையே இலட்சியமாக வைத்திருக்கும் பெரியவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் நெடுங்காலம் நாடு திரும்புதலுக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தியது. போக விரும்புகிறவரைப் போக விடுங்கள், மரியாதையோடு அனுப்புங்கள். ஆனால் தன் அரசியல் கணக்குக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, ஊரையே பார்த்திராத ஒரு பெண்ணை மண்டபத்தில் நாடற்றவளாக நிறுத்தி வைக்க டொராண்டோவிலும் சென்னையிலும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு என்ன உரிமை? தேர்வு அவளுடையது. தேர்ந்தெடுக்க அவளுக்கு முதலில் இரண்டு கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு தேதி போதும். 1987 ஜூலை 1. அதற்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பெற்றோர் யாராக இருந்தாலும். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுக்கினார்கள்: ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர் பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2022இல் வென்றார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். இரண்டு வருடம் கழித்து அவருக்கு ஒரு தங்கை அதே முகாமில் பிறந்திருந்தால் அவர் இலங்கையர், அந்தத் தீவை வரைபடத்தில் மட்டும் பார்த்த இலங்கையர்.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள், ஆறு மதங்கள். இலங்கை இல்லை, இஸ்லாமியர் இல்லை. மாநிலங்களவையில் அதிமுக உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். திமுக எதிர்த்தது. ஆனால் 2004 முதல் 2013 வரை டெல்லி அமைச்சரவையில் பங்கு வைத்திருந்த காலத்தில் அதுவும் இந்தத் தொப்புள்கொடிக்கு ஒரு குடியுரிமைச் சான்றிதழ் வாங்கித் தரவில்லை. 2025 மே மாதம் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி, உலகெங்கும் இருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்மசாலை அல்ல என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. சிறை இல்லை என்று சொன்னதையே வெடி போட்டுக் கொண்டாடினோம். குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒரு வார்த்தை இல்லை.

இதே அளவுகோலை வடக்கிலிருந்து வருகிறவருக்கும் வைத்துப் பாருங்கள். அவரிடம் குடியுரிமை இருக்கிறதே, பிறகு ஏன் ஒட்டவில்லை? ஒட்ட எங்கே விட்டோம்? மெட்ரோ வேலைத்தளத்தை ஒட்டித் தகரக் கொட்டகை, அதைச் சுற்றித் தடுப்பு, உள்ளேயே சமையல், வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் வேனில் அடுத்த தளம். ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊர். வெளிமாநிலத் தொழிலாளருக்கு இடப்பெயர்ச்சிப்படி, பயணப்படி, தங்குமிடம் எல்லாம் தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் எழுதினார்கள். அதைக் கேட்டுப் பெற்ற தொழிலாளியைப் பார்ப்பது அரிது. நிகார் கைக்வாட், காரெத் நெல்லிஸ் ஆகிய ஆய்வாளர்கள் இந்திய நகரங்களின் மாமன்ற உறுப்பினர்களுக்கு உதவி கேட்டுக் கடிதங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர் எழுதியதாகக் காட்டிய கடிதத்தைவிட வெளியூர்க்காரர் எழுதியதாகக் காட்டிய கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏன் என்று துருவினால், இவருக்கு இங்கே ஓட்டு இருக்காது என்ற கணிப்புதான் முக்கியக் காரணம். வெளியூர்க்காரர் உள்ளூரில் வாக்காளராகப் பதிந்திருக்கிறார் என்று காட்டியதும் பாரபட்சம் இறங்கியது. கவுன்சிலருக்கு இனம் முக்கியமில்லை, ஓட்டு முக்கியம். ஒருவகையில் ஆரோக்கியமான செய்தி.

கூலியைக் குறைக்கிறார்கள் என்பது உண்மையான புகார். உள்ளூர்ப் பெயிண்டர் கேட்கும் கூலிக்குக் குறைவாக ஆள் கிடைத்தால் காண்ட்ராக்டர் அவரைத்தான் எடுப்பார். ஆனால் கூலியைக் குறைக்கிற கை காண்ட்ராக்டருடையது. குறைந்தபட்சக் கூலியை இருவருக்கும் ஒன்றாக அமல்படுத்தினால் உள்ளூர்க்காரருக்கும் காப்பு. இதைக் கேட்பதற்குத் தொழிலாளர் துறையின் கதவைத் தட்ட வேண்டும், அது அலுப்பான வேலை. வாட்ஸ்அப்பில் “வடக்கன்” என்று தட்டுவது எளிது. அந்த எளிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழகத்தில் பிகார்த் தொழிலாளரைக் கொல்கிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவி, பயந்தவர்கள் ரயிலேறி, பிகார் அரசின் குழு சென்னைக்கும் திருப்பூருக்கும் வந்து நேரில் விசாரித்துப் போனது.

மயிலாப்பூர்ப் பக்கத்தில் தமிழர் குறைந்ததற்கு யார் காரணம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பேசியது சுத்தமான மெட்ராஸ் தமிழ். அவர்கள் போன பிறகு மிஞ்சிய இடத்தில் நின்றுகொண்டு, ஊர் கைவிட்டுப் போகிறதே என்று பிகார்க்காரரைக் காட்டுகிறோம்.

கேளம்பாக்கத்தில் சில ரோஹிங்கியா அகதிக் குடும்பங்கள் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. இனம் வேறு, மொழி வேறு, மதம் வேறு. பிள்ளைகள் உள்ளூர் அரசுப் பள்ளியில் படித்துத் தமிழ் பேசுகிறார்கள். ஒட்டுதல் என்பது மொழியிலும் ரத்தத்திலும் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்கள், முகாமில் பிறந்த ஈழத்துப் பிள்ளைகள் பிறக்கும்போதே முழுக் கிணறும் தாண்டிவிட்டார்கள். இரு தரப்பும் நிற்பது ஒரே கரையில்தான், காகிதமில்லாத கரையில்.

செய்ய வேண்டியது பெரிய தத்துவம் எதுவும் அல்ல. குடியுரிமைச் சட்டத்தின் இரண்டாவது பிரிவில், சட்டவிரோதக் குடியேறி யார் என்று சொல்லும் இடத்தில், 2019இல் மூன்று நாட்டு மக்களுக்கு ஒரு விலக்கு சேர்த்தார்கள். அந்த விலக்கில் இலங்கையைச் சேர்க்கட்டும், மத வரையறையை நீக்கட்டும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பதிவு வழியில் குடியுரிமை தரட்டும். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர் போகிறார்கள். அவர்களில் ஒருவர் தென்சென்னைத் தொகுதிக்காரர், மயிலாப்பூரும் தி. நகரும் அவர் தொகுதிக்குள் வருகின்றன. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஈழத்தமிழர் மேல் பாசம் உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு என்பார். இந்த விலக்குக்குத் தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா என்று கேளுங்கள்.